ஒரு வேலைக்குப் பத்துக் கோடி: செயற்கை நுண்ணறிவுப் பந்தயத்தில் நமது பங்கு எங்கே?

திருச்சி தில்லை நகரின் குறுக்குத் தெருக்களில் தொங்கும் பயிற்சி நிலையப் பலகைகளைப் பார்த்தே வேலைச் சந்தையின் போக்கை ஓரளவு கணித்துவிடலாம். ஒரு காலத்தில் தட்டச்சும் சுருக்கெழுத்தும். பிறகு டிடிபி, டேலி, ஜாவா. அதன்பின் மருத்துவமனைகள் நிறைந்த அந்தப் பகுதிக்குப் பொருத்தமாக மெடிக்கல் கோடிங். இப்போது அதே மாடிப்படிகளின் ஓரத்தில், அதே அளவுப் பலகைகளில், செயற்கை நுண்ணறிவு. பலகை மாறுகிறது, படியேறி வருகிற பிள்ளைகள் மாறவில்லை. துறையூர், முசிறி, இலால்குடிப் பக்கங்களிலிருந்து காலைப் பேருந்தில் வந்து, மாலையில் ஊர் திரும்புகிற முதல் தலைமுறைப் பட்டதாரிகள் அவர்களில் கணிசமானோர்.

அப்படி ஒரு பெண்ணிடம் அண்மையில் பேசினோம். வயது இருபத்திரண்டு. பெற்றோர் வயல்வேலைக்குப் போகிறவர்கள். கல்வி உதவித்தொகையில் பட்டம் முடித்து, கடன் வாங்கி மெடிக்கல் கோடிங் படித்து, ஒரு நிறுவனத்தில் சேர்ந்தவர். மருத்துவக் குறிப்புகளின் முதல் வாசிப்பை இனி மென்பொருளே செய்துவிடும் என்று கூறி, சில மாதங்களில் அவருடைய குழுவில் பாதிப் பேரை நிறுத்திவிட்டார்கள். எந்தப் புதிய வகுப்பில் சேர்ந்தால் இன்னும் பத்து ஆண்டு தாக்குப்பிடிக்கும் என்று அவர் எங்களைக் கேட்டார். உடனடி விடை எங்களிடம் இல்லை. ஆனால் அவருடைய வேலையை எடுத்துக்கொண்ட அந்தப் பொறியைச் சுற்றி எவ்வளவு பணமும் நிலமும் மின்சாரமும் குவிக்கப்படுகின்றன, அதில் பொதுச்சொத்து எவ்வளவு, அந்தப் பொதுச்சொத்தில் தலித் மக்களின் உரிமை என்ன என்ற கேள்விகளை எழுப்ப முடியும். எழுப்பியாக வேண்டும்.

பந்தயத்தின் அளவை முதலில் பார்ப்போம். 2025 சனவரியில் ஓபன்ஏஐ, சாஃப்ட்பேங்க், ஆரக்கிள் ஆகியவை இணைந்து நான்காண்டுகளில் 50,000 கோடி டாலர் செலவிடும் ஸ்டார்கேட் திட்டத்தை அமெரிக்காவில் அறிவித்தன. அதே ஆண்டு அக்டோபரில், இதற்கான சில்லுகளை வடிவமைத்து விற்கும் என்விடியாவின் சந்தை மதிப்பு 5 இலட்சம் கோடி டாலரைத் தொட்டது. அந்த அலை இங்கும் வந்துவிட்டது. விசாகப்பட்டினத்தில் ஐந்தாண்டுகளில் 1,500 கோடி டாலர் முதலீட்டில், அதானி, ஏர்டெல் குழுமங்களின் துணையோடு மாபெரும் தரவு மையத்தை அமைப்பதாகக் கூகுள் 2025 அக்டோபரில் அறிவித்தது. அவ்வாண்டு திசம்பரில் மைக்ரோசாஃப்ட் 1,750 கோடி டாலர் என்றது; அமேசான் 2030க்குள் 3,500 கோடி டாலர் என்றது.

இவை அனைத்தும் தனியார் பணம்தானே, நமக்கென்ன என்று கேட்பவர்கள் உண்டு. தனியார் பணம் தனியாக வருவதில்லை. 2022 ஒன்றிய வரவுசெலவுத் திட்டத்தில் தரவு மையங்களுக்கு உள்கட்டமைப்புத் தகுதி வழங்கப்பட்டது; நெடுஞ்சாலைக்கும் துறைமுகத்துக்கும் கிடைக்கும் மலிவான நீண்டகாலக் கடன் அவற்றுக்கும் திறந்துவிடப்பட்டது. 2024 மார்ச்சில் ஒன்றிய அமைச்சரவை இந்திய செயற்கை நுண்ணறிவு இயக்கத்துக்கு 10,372 கோடி ரூபாய் ஒதுக்கியது. அந்த மக்கள் பணத்தைக் கொண்டு 38 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கணிப்புச் சில்லுகள், மணிக்கு ஏறத்தாழ 65 ரூபாய் என்ற மானிய வாடகையில் புத்தொழில் நிறுவனங்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் தரப்படுகின்றன. 2026 வரவுசெலவுத் திட்டமோ, இந்தியத் தரவு மையங்களைப் பயன்படுத்தி உலகுக்கு மேகக்கணிச் சேவை விற்கும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு 2047 வரை வரிவிடுமுறை அறிவித்தது. நாம் பேசிய பெண்ணுக்கு அன்று நாற்பத்து மூன்று வயதாகியிருக்கும்.

மாநிலங்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு தருவது தனிக்கதை. கூகுளுக்கு ஆந்திரம் அளித்த சலுகைகளின் மதிப்பு 22,000 கோடி ரூபாய் என்று கர்நாடக அமைச்சர் பிரியங்க் கார்கே குற்றஞ்சாட்டினார். தமிழ்நாடு 2021லேயே தரவு மையக் கொள்கையை வெளியிட்டு, மின்சாரத்திலும் முத்திரைத்தீர்வையிலும் சலுகைகளை முன்வைத்தது. கடலடிக் கம்பிவடங்கள் கரையேறும் சென்னை, மும்பைக்கு அடுத்த தரவு மைய நகரமாக வளர்ந்தது. அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் சன்னலற்ற அந்தப் பெருங்கட்டடங்களைக் காணலாம்.

2020இல் ஒன்றிய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் வெளியிட்ட வரைவுக் கொள்கையில் ஒரு செய்தி இருந்தது. தரவு மையங்களை இன்றியமையாப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவர வேண்டும் என்பதே அது. வேலைநிறுத்தத்தைத் தடைசெய்ய அரசு பயன்படுத்தும் சட்டம் இது. நகரத்தின் கழிவை அகற்றுகிறவரின் ஊதியத்தையும் பணிப்பாதுகாப்பையும் இன்றியமையாதவை என்று ஒருநாளும் கருதாத அரசு, பொறிகள் ஒரு நொடியும் நிற்கக்கூடாது என்பதை மட்டும் இன்றியமையாததாகக் கருதுகிறது.

இத்தனையும் கொடுத்து நாம் பெறுவது என்ன? வேலைவாய்ப்பு என்பதே வழக்கமான விடை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2026 சனவரியில் சர்வம் நிறுவனத்துடன் தமிழ்நாடு அரசு செய்துகொண்ட புரிந்துணர்வு ஒப்பந்தத்தின் மதிப்பு 10,000 கோடி ரூபாய். உறுதியளிக்கப்பட்ட வேலைகள் 1,000. ஒரு வேலைக்குப் பத்துக் கோடி ரூபாய் முதலீடு. 2024 செப்டம்பரில் சிகாகோவில், திருச்சியில் மின்னணு உற்பத்தி ஆலை அமைக்க ஜேபில் நிறுவனம் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தையும் பாருங்கள். 2,000 கோடி ரூபாய், 5,000 வேலைகள். ஒரு வேலைக்கு நாற்பது இலட்சம். இரண்டுக்கும் இடையே இருபத்தைந்து மடங்கு. அந்த ஆயிரம் வேலைகளும் உயர்திறன் ஆய்வுப் பணிகள் என்றே சொல்லப்படுகின்றன. ஐ.ஐ.டி. வாசலில் நம் பிள்ளைகளை யார் எத்தனை முறை திருப்பியனுப்பினார்கள் என்பதை அறிந்த நமக்கு, அந்தச் சொல்லுக்குப் பின்னால் யார் இருப்பார்கள் என்று ஊகிப்பது கடினமன்று.

திருச்சியைத் தெரிந்தவர்கள் இன்னொரு ஒப்பீட்டையும் செய்யாமல் இருக்க முடியாது. 1960களில் திருவெறும்பூரில் பெல் கொதிகலன் ஆலை வந்தது. அதையொட்டித் துப்பாக்கித் தொழிற்சாலை வந்தது. அதற்கும் முன்பே, 1928இல், நாகப்பட்டினத்திலிருந்து இரயில்வே பணிமனை பொன்மலைக்கு இடம்பெயர்ந்திருந்தது. இவையும் அரசு நிலத்தில், மக்கள் பணத்தில் எழுந்தவையே. இங்கும் முதலீடு பெரிது. ஆனால் அங்கே இடஒதுக்கீடு இருந்தது. பணிநியமனப் பட்டியலில் ஒரு சுழற்சிமுறை இருந்தது; அது மீறப்பட்டால் கேள்வி கேட்கத் தொழிற்சங்கமும் பட்டியலின ஊழியர் நலச்சங்கமும் ஆணையமும் இருந்தன. ஃபிட்டராகவும் வெல்டராகவும் உள்ளே நுழைந்த ஒருவரின் ஊதியத்தால், ஊரில் மேலத்தெருவுக்குக் கைகட்டி நின்ற குடும்பம் கைலாசபுரம் குடியிருப்பில் ஓர் எண்ணிட்ட வீட்டுக்குக் குடிபெயர்ந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகள் மருத்துவரானார்கள், வழக்கறிஞரானார்கள். இந்தக் கட்டுரையை வாசிப்பவர்களில் சிலர் அந்த வீடுகளிலிருந்து வந்தவர்களாகவே இருக்கக்கூடும். ஆலைக்குள் சாதி இல்லாமல் போகவில்லை. உணவுக்கூடத்திலும் பதவி உயர்விலும் அது இருந்தது. ஆயினும் வாசலைக் கடக்க ஒரு சட்டம் துணைநின்றது.

இன்றைய தரவு மையங்களில் அந்தச் சட்டம் இல்லை. அரசு நிலமும் வரிச்சலுகையும் மலிவுக் கடனும் பெறுகிற தனியார் நிறுவனம், பணியமர்த்துகையில் மட்டும் நான் தனியார் என்கிறது. நம்மவர்களுக்கு அங்கே கிடைப்பவை காவல், துப்புரவு, குளிரூட்டிப் பராமரிப்பு ஆகிய ஒப்பந்தப் பணிகள். கட்டுமானம் நடக்கும் ஓரிரு ஆண்டுகளில் சுமை தூக்கும் வேலையும் உண்டு.

அம்பேத்கர் பொறிகளுக்கு எதிரியல்லர். 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாக அவையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது மின்சாரமும் நீர்ப்பாசனமும் அவர் பொறுப்பில் இருந்தன. மின்சாரம் மலிவாகவும் தட்டின்றியும் கிடைக்க வேண்டும், அது தொழில்மயத்துக்கு, தொழில்மயமோ வறுமையிலிருந்து மக்களை மீட்பதற்கு என்ற வரிசையில்தான் அவர் வாதிட்டார். 1947இல் எழுதிய ‘அரசுகளும் சிறுபான்மையினரும்’ நூலில் அடிப்படைத் தொழில்கள் அரசுடைமையாக வேண்டும் என்றார். இன்று வரிசை தலைகீழாகியுள்ளது. மின்சாரம் இருக்கிறது, தொழில்மயமும் இருக்கிறது, மூன்றாவதைக் காணோம்.

மின்சாரத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்றைச் சொல்லிவிடுவோம். பன்னாட்டு எரிசக்தி முகமையின் கணக்குப்படி, 2024இல் உலகத் தரவு மையங்கள் உண்ட மின்சாரம் ஏறத்தாழ 415 டெராவாட் மணி; 2030இல் அது 945ஐ எட்டக்கூடும். மேகக்கணி என்ற பெயரில் மேகம் இருக்கலாம், ஆனால் அது ஓடுவது மண்ணிலிருந்து தோண்டிய நிலக்கரியிலும்தான். வளரும் மின்தேவையைக் காட்டி, 2031-32க்குள் ஏறத்தாழ 80 கிகாவாட் அனல்மின் திறனைக் கூட்டுவதாக ஒன்றிய அரசு சொல்லிவருகிறது. பெல் ஆலைக்கு ஆணைகள் வருவது திருச்சிக்கு நல்ல செய்திதான். ஆனால் அனல்மின் நிலையத்தின் சாம்பல் எங்கே போய்ச் சேர்கிறது என்பதை, வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் குளத்தை ஒட்டி வாழும் செப்பாக்கம் மக்களைக் கேட்டால் சொல்வார்கள். தண்ணீரும் அப்படியே. கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் கழிவுநீரை மும்முறை சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குத் தரும் நிலையங்கள் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் திறனோடு உள்ளன. குளிரூட்டுவதற்கு அந்த நீரைத்தான் எடுக்க வேண்டும், ஒரு சொட்டுக் குடிநீரும் கூடாது என்று உரிமத்திலேயே எழுதுவதில் என்ன தடை? திருச்சியை அடுத்த புதுக்கோட்டை மாவட்டத்தின் வேங்கைவயலில் 2022 திசம்பரில் என்ன நடந்தது என்பதை அறிந்தவர்களுக்கு, குடிநீர்த் தொட்டி என்பது வெறும் பொறியியல் செய்தியன்று.

நிலமே எல்லாவற்றிலும் பழைய கேள்வி. தரவு மையங்கள் அணிவகுக்கும் சிறுசேரி, பழைய செங்கல்பட்டு மாவட்டத்து மண். அந்த மாவட்டத்தின் ஆட்சியர் திரெமென்கீர் 1891இல் அளித்த அறிக்கையே பஞ்சமி நிலத்தின் தொடக்கம். மறு ஆண்டு சென்னை மாகாண அரசு, ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒப்படைக்க ஆணையிட்டது. முதல் பத்தாண்டுகள் விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. அதன்பிறகும் அதே வகுப்பினரிடம் மட்டுமே கைமாற்ற வேண்டும் என்பது நிபந்தனை. மாகாணம் முழுவதும் அவ்வாறு ஒப்படைக்கப்பட்டது 12 இலட்சம் ஏக்கர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. அதைத் திருப்பிக் கேட்ட போராட்டத்தில், 1994 அக்டோபரில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செங்கல்பட்டில் காவல்துறையின் துப்பாக்கிக்குப் பலியாயினர். அந்த மாவட்டத்தில் இன்று ஏக்கரின் விலையைத் தரவு மையங்களும் தீர்மானிக்கின்றன. இன்ன கட்டடம் பஞ்சமி நிலத்தில் நிற்கிறது என்று நாம் சொல்லவில்லை. எந்தப் புல எண்ணும் பஞ்சமி நிலமன்று என்பதைப் பழைய பதிவேட்டோடு ஒப்பிட்டு உறுதிசெய்து வெளியிட்ட பின்னரே நிலம் ஒப்படைக்க வேண்டும் என்கிறோம். விசாகப்பட்டினத் திட்டத்தில் தர்லுவாடா கிராமத்தில் எதிர்ப்புக் கிளம்பியபோது, அங்கும் அரசு ஒப்படைத்த நிலத்தை உழுதுவந்தவர்களே முன்னால் நின்றார்கள்.

திருச்சிப் பகுதிக்கு இந்தப் பந்தயம் வேறொரு வாசல் வழியாக வந்திருக்கிறது. கரூரில் ஆப்ஜெக்ட்வேஸ் என்ற நிறுவனத்தில், நெற்றியில் கேமரா கட்டிய தொழிலாளர்கள் துண்டுகளை மடிக்கிறார்கள். துண்டு மடிக்கும் பொறிமனிதனுக்குக் கற்பிக்கவே அந்தப் படப்பதிவு. கையசைவில் சிறு பிசகு நேர்ந்தாலும் பதிவு நீக்கப்படும், மீண்டும் மடிக்க வேண்டும். துண்டும் படுக்கை விரிப்பும் நெய்து உலகுக்கு அனுப்பிய ஊர் கரூர். இப்போது துண்டை மடிக்கும் கையின் அறிவையும் ஏற்றுமதி செய்கிறது. ஊதியம் மாதச் சம்பளத்தோடு முடிந்துவிடும். அந்த அசைவிலிருந்து பிறக்கும் பொறியில் மடித்தவருக்குப் பங்கில்லை. உழைப்பைக் கொடுத்துவிட்டு விளைச்சலில் உரிமையில்லாமல் நிற்பது நமக்குப் புதிதன்று.

அவ்வாறு கற்பிக்கப்பட்ட பொறிகள் நம்மைப் பற்றி என்ன கற்றுக்கொண்டன? 2025 அக்டோபரில் எம்.ஐ.டி. தொழில்நுட்ப இதழ் வெளியிட்ட ஆய்வில், கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னபோது ஓபன்ஏஐயின் மொழி மாதிரி அறிவாளிக்குப் பார்ப்பனரையும் கழிவுநீர் அகற்றுபவருக்குத் தலித்தையும் பொருத்தியது. பெரும்பாலான சொற்றொடர்களில் இதே கதை. வேலைக்கு விண்ணப்பிப்பவரை வடிகட்டவும் கடனுக்குத் தகுதி பார்க்கவும் இப்பொறிகளை வைக்கப்போகிறார்கள். செயற்கை நுண்ணறிவை அறத்தோடு பயன்படுத்த 2020லேயே கொள்கை வெளியிட்ட மாநிலம் தமிழ்நாடு. அரசு வாங்கும் எந்த மென்பொருளும் சாதிச்சார்புச் சோதனையைக் கடந்தாக வேண்டும் என்பதை அதிலிருந்தே தொடங்கலாம்.

நடைமுறையில் செய்யக்கூடியவை வேறும் உண்டு. 2024இல் தமிழ்நாடு சட்டமன்றம் பட்டியல் சாதியினர், பட்டியல் பழங்குடியினருக்கான வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டத்தை நிறைவேற்றியது. மக்கள்தொகையில் 20 விழுக்காடான பட்டியல் சாதியினருக்குத் திட்டச் செலவில் உரிய பங்கு என்பது அதன் உள்ளுறை. விட்டுக்கொடுக்கப்படும் வரியும் தள்ளுபடியாகும் கட்டணமும் செலவே. அவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒன்றிய அரசின் கொள்முதலில் பட்டியலினத் தொழில்முனைவோருக்கு 4 விழுக்காடு என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. சலுகை பெறும் தரவு மையங்களின் கம்பிவடம், குளிரூட்டி, பராமரிப்பு ஒப்பந்தங்களுக்கு அதே விதியை நீட்டினால், 2023இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 விழுக்காடு மானியம் பெற்று எழும் நம் இளைஞர்களுக்குச் சந்தை கிடைக்கும்.

திருச்சியில் இதற்கான சோதனைக்களம் கண்முன்னே இருக்கிறது. பஞ்சப்பூரில் புதிய பேருந்து முனையத்தை அடுத்து 403 கோடி ரூபாய் மதிப்பீட்டில் டைடல் பூங்கா திட்டமிடப்பட்டு, 2025இல் பணி தொடங்கியது. டைடல், டிட்கோவும் எல்காட்டும் சேர்ந்து உருவாக்கிய நிறுவனம். அதாவது அரசின் கை அதில் இருக்கிறது. அங்கே தளம் வாடகைக்கு எடுக்கும் ஒவ்வொரு நிறுவனமும் தன் பணியாளர்களின் சமூகவாரிக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும், பணிநியமனத்தில் 18 விழுக்காடு பட்டியல் சாதியினருக்கும் 1 விழுக்காடு பழங்குடியினருக்கும் வழங்க வேண்டும் என்று குத்தகைப் பத்திரத்தில் எழுத நாடாளுமன்றச் சட்டம் தேவையில்லை. வாடகைக்கு விடுகிறவரின் நிபந்தனையே போதும். முதல் குத்தகைப் பத்திரம் கையெழுத்தாகுமுன் அதைக் கேட்டு மனு அளிப்பது, திருச்சியின் தலித் அமைப்புகளுக்கும் இத்தொகுதிகளின் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் முன்னுள்ள உடனடி வேலை.