பறவை பாடாது சார்!

கிடார் வாங்கப் போகிறவன் முதலில் எதைப் பார்க்க வேண்டும்? கழுத்து வளையாமல் இருக்கிறதா, ஃபிரெட் தேய்ந்திருக்கிறதா, சுருதி நிற்கிறதா, பிக்கப் இரைகிறதா... இப்படி ஒரு பட்டியல் இருக்கிறது. என் ரூம்மேட் இதில் எதையும் பார்க்கவில்லை. "இதில் பறவை இல்லையே" என்று ஒரு வார்த்தை சொன்னான். பணத்தோடு போனவன் பணத்தோடே திரும்பி வந்துவிட்டான். கூடப் போனவன் நான். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஆரம்பித்த சண்டை இன்னும் முடியவில்லை. அவனிடம் சொல்லி முடிக்காததை இங்கே கொட்டிவிடுகிறேன்.

கிடார் பக்கம் போகாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். கிடார், பேஸ் இரண்டிலும் விரல் வைக்கும் பலகையில் 3, 5, 7, 9, 12 என்று சில ஃபிரெட்களில் வெள்ளைப் புள்ளி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ரோட்டில் மைல்கல் மாதிரி, கை எங்கே இருக்கிறது என்று காட்டும் அடையாளம். மரத்தைக் குடைந்து, சிப்பியோ பிளாஸ்டிக்கோ பதித்து, ஒட்டி, மேலே மழமழவென்று தேய்த்துவிடுவார்கள். இதற்குப் பெயர் இன்லே.

அமெரிக்காவில் மேரிலாந்துக்காரர் பால் ரீட் ஸ்மித் இந்தப் புள்ளிகளுக்குப் பதிலாகப் பறவைகளைப் பதித்தார். அவருடைய அம்மா பறவை பார்ப்பதில் ஆர்வம் உள்ளவர். அம்மாவின் பறவைக் கையேட்டிலிருந்துதான் அந்த உருவங்கள் வந்தன. 1976இல் பீட்டர் ஃபிராம்டனுக்காக அவர் செய்த கிடாரிலேயே பறவைகள் வந்துவிட்டன. ஸ்மித்துக்கு அப்போது வயது 20. ஏறக்குறைய என் வயது! 1985இல் பி.ஆர்.எஸ். கம்பெனி ஆரம்பித்தபோது பறவையும் கூடவே வந்தது. 24 ஃபிரெட் மாடலில் மொத்தம் பத்துப் பறவைகள். மூன்றாவது ஃபிரெட்டில் வல்லூறு, ஏழாவதில் ஹம்மிங்பேர்ட், ஒன்பதாவதில் ஆலா, பதினேழில் சிட்டுக்குருவி, கடைசியாக 24ஆவதில் கிளையில் உட்கார்ந்திருக்கும் ஆந்தை.

அழகா? அழகுதான். அதில் எனக்குச் சண்டையே இல்லை. அந்த அழகைத் 'தரம்' என்று பெயர் மாற்றி நம் தலையில் கட்டுகிறார்களே, அதில்தான் சண்டை.

முதல் கேள்வி. இந்தப் பறவையை யார் பார்க்கிறார்கள்? வாசிக்கிறவன் என்று நினைத்தால் தப்பு. கிடாரை மாட்டிக்கொண்டு குனிந்து பாருங்கள். பலகையின் முகம் எதிரே இருப்பவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். நம் கண்ணுக்கு நேராகத் தெரிவது கழுத்தின் மேல் விளிம்பில் இருக்கும் சின்னஞ்சிறு புள்ளிகள். நான் பேஸ் வாசிக்கிறவன். அதன் கழுத்து இன்னும் நீளம், ஃபிரெட்டுக்கு ஃபிரெட் தூரம் அதிகம். மேடையில் இருட்டில் என்னைக் காப்பாற்றுவது அந்த விளிம்புப் புள்ளிதான். அது பத்தாயிரம் ரூபாய் பேஸிலும் இருக்கிறது, பத்து லட்ச ரூபாய் பேஸிலும் இருக்கிறது. ஆக, முகத்தில் இருக்கும் பறவை வாசிப்பவனுக்காக இல்லை, எதிரே உட்கார்ந்திருப்பவருக்காக.

இரண்டாவது கேள்வி. பறவையால் சத்தம் மாறுமா? ஒன்றரை இன்ச் சிப்பித் துண்டால் ஒரு ஸ்வரம்கூட இனிமையாகாது. பறவை பாடாது சார்!

இப்போது என் பாடத்துக்கு வருகிறேன். நான் பி.காம். எனக்குத் தெரிந்தது விலைக் கணக்குதான்.

1985இல் அந்தக் கம்பெனியின் கிடாரில் சாதாரணமாக வந்தது பிறை மாதிரி ஒரு வட்ட இன்லே. பறவை வேண்டும் என்றால் தனிக் காசு. இதை நான் நேர்மையான வியாபாரம் என்பேன். சிப்பியைப் பறவையாக அறுக்க வேண்டும், அதே உருவத்தில் மரத்தைக் குடைய வேண்டும், இடைவெளி தெரியாமல் பொருத்த வேண்டும். வளைவான பலகையில் தேய்க்கும்போது சிப்பி அதிகம் தேய்ந்தால் போச்சு. சிப்பித் தூசு நுரையீரலுக்கும் ஆகாது. இவ்வளவு வேலைக்குக் கூலி கேட்பது நியாயம். வேண்டுமா கொடு, வேண்டாமா விடு.

2001இல் அதே கம்பெனி கொரியாவில் விலை குறைந்த எஸ்.இ. வரிசையைச் செய்ய வைத்தது. ஆரம்ப கால எஸ்.இ. கிடார்களில் புள்ளியும் பிறையும்தான். பறவை கிடையாது. அப்புறம் 2010 வாக்கில் அந்த வரிசைக்கும் பறவை வந்தது. இன்று இந்தோனேசியாவில் தயாராகும் எஸ்.இ. மாடல்களில் பறவை சர்வ சாதாரணம். பெரும்பாலும் பிளாஸ்டிக் பறவை.

இங்கேதான் யோசிக்க வேண்டும். மெஷின் குடையும் காலத்தில் பிளாஸ்டிக் பிறைக்கும் பிளாஸ்டிக் பறவைக்கும் செலவில் எவ்வளவு வித்தியாசம் வந்துவிடும்? அதே விலை வரிசையில் பிற்பாடு பறவையைப் போட முடிந்தது என்றால், முன்பு போடாததற்குச் செலவு மட்டும் காரணமாக இருக்க முடியாது. நான் புரிந்துகொண்டது இதுதான்: அத்தனை வருஷமும் பறவை செய்த வேலை, பணம் உள்ளவன் கிடார் எது, இல்லாதவன் கிடார் எது என்று தூரத்திலிருந்தே காட்டிக்கொடுப்பது. ரயிலில் ஏ.சி. பெட்டிக்கு வேறு நிறம் அடிப்பது மாதிரி. வண்டி ஒன்றுதான், போய்ச் சேரும் ஊரும் ஒன்றுதான்.

'தூரத்திலிருந்து' என்பதை நான் சும்மா சொல்லவில்லை. இதே கம்பெனி மேல் கிப்சன் கம்பெனி ஒரு டிரேட்மார்க் வழக்கு போட்டது. பறவைக்காக இல்லை, கிடாரின் உடல் வடிவத்துக்காக. கீழ்க்கோர்ட் கிப்சன் பக்கம் நின்று 2004இல் விற்பனைக்குத் தடை போட்டது. 2005இல் அப்பீல் கோர்ட் அதை ரத்து செய்தது. கடையில் வாங்கும்போது யாரும் ஏமாறமாட்டார்கள் என்பதை கிப்சனே ஒத்துக்கொண்டது. ஆனால் புகை மண்டிய பாரில் அந்தக் கோடியிலிருந்து பார்ப்பவர் இதை கிப்சன் என்று நினைத்துக்கொள்ளலாமே என்பது ஒரு வாதம். எடுபடவில்லை. சட்டப்படி எடுபடாவிட்டாலும் வியாபாரப்படி அது சத்தியமான வாதம்! கிடார் அலங்காரம் முழுக்க அந்தக் கோடியில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்காகத்தான். அவன் பார்ப்பதற்கு நாம் காசு கட்டுகிறோம்.

"அப்போ கலை என்பதே வேண்டாமா?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. 1962இல் கிப்சன் கொண்டுவந்த டவ் கிடாரைப் பாருங்கள், பிக்கார்டில் முத்துச்சிப்பியில் ஒரு புறா. 1992இல் பி.ஆர்.எஸ். செய்த டிராகன் கிடாரைப் பாருங்கள். கழுத்து நீளத்துக்கு 201 துண்டுகளைச் சேர்த்து ஒரு டிராகன், மொத்தமே 50 கிடார். அது கலை. நான் கையெடுத்துக் கும்பிடுவேன். அதை வாங்குகிறவருக்கும் தான் வாங்குவது சித்திரம் என்று தெரியும். பட்டுச்சேலையில் ஜரிகைக்குக் காசு கொடுப்பது மாதிரி. ஜரிகை இருந்தால் குளிர் தாங்கும் என்று அங்கே யாரும் சொல்வதில்லை. இங்கே சொல்கிறார்கள். "பறவை இருந்தால்தான் ஒரிஜினல்", "பறவை இல்லாதது டம்மி" என்று சீனியர்கள் சொல்கிறார்கள், கடைக்காரர் சொல்கிறார், வீடியோ போடுகிறவர் சொல்கிறார். பறவை ஸ்டிக்கர் தனியாக விற்கிறது, தெரியுமா? ஒட்டிக்கொண்டால் ஒரிஜினல் ஆகிவிடுமா? :)

"ரீசேல் வேல்யூ" என்று ஒருவர் ஆரம்பிப்பார். அய்யா, நாளைக்கு விற்பதற்காக இன்றைக்கு வாங்குவதென்றால் தங்கம் வாங்குங்கள். அதற்கு ஆம்ப்ளிஃபையர் வேண்டாம்.

இன்னொன்று. பறவையைப் பற்றி அரை மணி நேரம் பேசியவன், அந்தப் பறவை உட்கார்ந்திருக்கும் கட்டையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த வகைக் கிடார்களில் நிறையப் பலகைகள் நம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் வளரும் ஈட்டி மரம்தான். வெளிநாட்டுக்காரன் 'இண்டியன் ரோஸ்வுட்' என்று ஆசையாகச் சொல்வது அதைத்தான். 2017இல் ஈட்டி உட்பட அந்த இன மரங்கள் எல்லாம் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்து, கிடார் கம்பெனிகள் பேப்பர் வேலையில் திண்டாடின. 2019இல்தான் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்கு கிடைத்தது. விரல் தினமும் தொடுகிற பொருள் அந்தக் கட்டை. அதற்கு மரியாதை இல்லை, பிளாஸ்டிக் ஆந்தைக்கு மரியாதை!

சரி, ரூம்மேட் கதைக்கு வருகிறேன். அன்றைக்கு நாங்கள் பார்த்தது செகண்ட் ஹேண்டில் ஒரு பழைய கொரிய மாடல். நான் எடுத்து வாசித்துப் பார்த்தேன். கழுத்து நேர், ஃபிரெட் நன்றாக இருந்தது, சுருதி அசையவில்லை. விற்றவர் பொறுமையானவர், விலையும் எங்கள் கைக்கு அடக்கம். பறவை மட்டும் இல்லை. "இதோட காலேஜுக்குள்ள போனா சிரிப்பாங்கடா" என்றான். அவனைக் குறை சொல்லி என்ன? சிரிக்கக்கூடிய ஆட்கள் இருந்தார்கள் என்பது நிஜம். அவன் தன்னிடம் இருந்த கிடாரை ஏற்கெனவே விற்றிருந்தான். பறவைக்கான மீதிப் பணம் சேர ஒரு வருஷம் ஆனது. அவன் அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்தார்.

அந்த ஒரு வருஷத்தில் என்ன நடந்தது? இரண்டு கல்ச்சுரல்ஸ் போனது. கிடார் இல்லாத பேண்டுக்கு மேடை கிடைக்குமா? எங்கள் டிரம்மர் ஒரு வருஷம் சீனியர், படிப்பை முடித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். பாடுகிறவன் சி.ஏ. படிப்பில் மூழ்கிவிட்டான். போன மாதம் என் ரூம்மேட் கிடார் வாங்கினான். பத்துப் பறவையும் இருக்கிறது. நல்ல கிடார், பொய் சொல்ல மாட்டேன். அன்றைக்கு விட்டுவிட்டு வந்த கிடாரை விட நன்றாக வாசிக்கிறதா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதே மாதிரிதான்டா இருக்கு" என்றான்.

அதனால் அடுத்து வாங்கப் போகிற தம்பி, தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். கடையில் கிடாரை எடுத்ததும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் வாசியுங்கள். பிடித்தால் வாங்குங்கள், அப்புறம் கண்ணைத் திறங்கள். பறவை இருந்தால் சந்தோஷம். பிறையோ புள்ளியோ இருந்தாலும் அன்று சாயங்காலமே பேண்ட் பிராக்டிஸுக்கு வந்துவிடுங்கள். காலேஜ் மூன்றே வருஷம்தான்.

டிஸ்கி: ரூம்மேட்டிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் போடுகிறேன். "அம்மா சீட்டு மேட்டரை எடுத்துடு" என்றான். அப்புறம் அவனே "இருக்கட்டும், விடு" என்றான்.