ரசீது கேட்டால் துரோகமா?

சட்டத்திற் சொன்ன காரணமின்றிக் குத்தகைக்காரனை நிலத்தைவிட்டு விரட்டக்கூடாதென்று 1955-ல் சென்னை ராஜ்யத்தில் சட்டம் வந்தது. குத்தகைக்கு வரம்பு கட்டி 1956-ல் ஒன்று. எந்த வயலை எவன் பயிரிடுகிறான் என்று சர்க்கார் பதிவேட்டில் எழுத 1969-ல் மற்றொன்று. இவ்வளவு இருந்தும், "குத்தகை பாக்கி" என்று மிராசுதாரர் வழக்காடினால், தலைமுறையாய் உழுதவன் கையை விரித்து நிற்பானேன்? நெல்லை அளந்தபோது ரசீது வாங்கவில்லை. கேட்டால் எஜமானரை நம்பாத துரோகியாம்! அந்த எஜமானர் தம் கணக்குப்பிள்ளையை நம்பி ஒரு படி நெல்லையாவது எழுதாமல் விடுவாரா என்று கேட்கின்றோம்.

கோயில் நிலமானால் சொல்லவே வேண்டாம். சாமி சொத்துக்கு ரசீதா என்பார்கள். நெல்லைச் சாமியா அளந்து வாங்கிற்று?

தோழர்களே! நெல்லாகக் கொடுக்கவேண்டிய குத்தகையானாலும் அதன் கிரயத்தை மிராசுதாரர் கணக்கில் கோர்ட்டிலேயே கட்டிவிட 1955-ம் வருஷத்துச் சட்டம் இடங்கொடுக்கின்றது. அங்கே ரசீது கேட்பவனை எவரும் துரோகி என்பதில்லை.