வேலைநிறுத்தம் யாருடைய உரிமை?

2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர், ஆசிரியர்களைத் தமிழக அரசு டெஸ்மா சட்டத்தில் டிஸ்மிஸ் செய்தது. அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையோ, சட்ட உரிமையோ, தார்மீக உரிமையோ இல்லை என்று ஆகஸ்ட் 6 அன்று டி.கே.ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சங்கம் வைக்கலாம், பேரம் பேசும் பலம் மட்டும் கிடையாது.

இதை அரசு ஊழியர் பிரச்சினை என்று நாம் ஒதுக்க முடியாது. இடஒதுக்கீட்டில் வேலைக்குப் போன நம் முதல் தலைமுறைக்கும் அதே வாய்ப்பூட்டுதான். தனியார்மயத்தை எதிர்த்து 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன் அமர்ந்த தூய்மைப் பணியாளர்களையும் நீதிமன்ற உத்தரவைக் காட்டித்தான் இரவில் அப்புறப்படுத்தினார்கள்.

வேலைநிறுத்தத்தைக் குற்றமாக்கிய பம்பாய் மசோதாவை எதிர்த்து, 1938 நவம்பர் 7 அன்று அண்ணல் அம்பேத்கர் வேலைநிறுத்தமே நடத்தினார். தோழர்களே, அந்த வரலாறும் நம்முடையது. தீர்ப்பை வாசிப்போம், சட்டத்தை மாற்றக் கேட்போம்.