கால்வாயில் படகேறுவது வீண்செலவா?

பாடசாலைச் சுற்றுலாக் காலம் வந்தால் எங்கள் பக்கத்தில் ஒரு வாதம் கிளம்பும். நீர்கொழும்புக்குப் போனால் ஹமில்டன் கால்வாயில் பிள்ளைகளைப் படகேற்ற வேண்டுமா? "துன்ஹிந்தையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் கான் தண்ணீரில் என்ன வேடிக்கை? அந்தக் காசுக்கு ஒருநேரச் சாப்பாடு கொடுக்கலாம்" என்பார்கள் சக ஆசிரியர்கள். பசறையில் கொழுந்துச் சம்பளத்தில் பிள்ளையைப் படிப்பிக்கும் தாயின் கணக்கை நானும் அறிவேன். ஆயினும் இந்த வாதத்தை ஏற்கமாட்டேன்.

வேடிக்கைக்கென்றால் வேண்டாம்தான். பார்க்க முன்னர் பிள்ளையிடம் கேள்வியைக் கொடு என்றுதான் ஆசிரியர் கலாசாலையில் படித்தோம். இங்கே கேள்வி இருக்கிறது. ஒல்லாந்தர் கறுவா ஏற்றிச் செல்லக் கால்வாய்கள் வெட்டினர். இந்தக் கால்வாயையோ 1802இல் தொடங்கி 1804இல் முடித்தவர்கள் ஆங்கிலேயர். முத்துராஜவெலச் சதுப்பின் உப்புநீரை வடிப்பது நோக்கம். வருமானத்துக்கும் வர்த்தகத்துக்கும் பொறுப்பாயிருந்த கவின் ஹமில்டனின் பெயர் அதற்கு வாய்த்தது. ஊரார் இன்றும் ஒல்லாந்தர் கால்வாய் என்கிறார்கள். ஒரு கால்வாய்க்கு இரண்டு வெள்ளைக்காரப் பெயர்கள்! சேற்றில் நின்று மண் அள்ளியவனின் பெயர் எங்கே?

1924இல் பதுளைக்கு வந்த ரயில்பாதையிடமும் இதையே கேட்கலாம். அங்கே கறுவா, இங்கே தேயிலை. லயத்துப் பிள்ளை படகிலிருந்து இதைக் கேட்டால் தன் பாட்டனின் கதை நாட்டின் கதையோடு சேரும். பாடப்புத்தகத்தில் இதற்கு இடமில்லை.

செலவைப் பற்றியும் சொல்கிறேன். காசு கொண்டுவராத பிள்ளையைக் கரையில் நிறுத்திவிட்டு மற்றவர்களை ஏற்றுவதுதான் பாவம். ஏறினால் எல்லோரும் ஏற வேண்டும். முடியாவிட்டால் ஒருவரும் வேண்டாம். நூல் வெளியீடுகளில் நாம் ஒருவருக்கொருவர் போர்த்தும் பொன்னாடைகளில் நான்கைக் குறைத்தாலே ஒரு வகுப்பின் படகுக்கூலிக்குப் பெரும்பகுதி வந்துவிடும். இலக்கியக்காரர் கோபித்தாலும் பரவாயில்லை.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுப்பு இல்லை. 2021 நவம்பர் 23இல் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு கவிழ்ந்து பள்ளிக்கூடம் புறப்பட்ட பிள்ளைகளை இழந்தோம். அதே ஆண்டு மார்ச்சில் எங்கள் பசறை வீதியில் பஸ் பள்ளத்தில் விழுந்தது. ஆகவே உயிர்காப்பு அங்கி ஒன்று குறைந்தாலும், ஆள் ஒன்று கூடினாலும், படகைத் திருப்பி அனுப்ப வேண்டும். அதற்குத் தைரியமில்லாத ஆசிரியர் சுற்றுலாவுக்குப் பொறுப்பேற்கக் கூடாது.

இந்த மூன்றும் சரியென்றால் ஏற்றுங்கள். கான் தண்ணீர் என்று நாம் மூக்கைப் பொத்தும் இடத்திலும் படிக்க வேண்டியது இருக்கிறது.