சமபந்தியும் சீட்டுப் பந்தியும்

ஒரு சமுதாயத்தின் இயல்பை அறிய அதன் சட்டப் புத்தகங்களைப் புரட்ட வேண்டியதில்லை. அங்கே யார் யாரோடு அமர்ந்து உண்கிறார்கள் என்று பார்த்தாலே போதும். 'சமபந்தி' என்ற ஒரு சொல்லுக்காக எத்தனை பேர் அடியும் அவமானமும் பட்டார்கள் என்பதை அறிந்தவர்கள் நாம். ஆகவே, பசுபிக் சமுத்திரத்தின் நடுவிலுள்ள ஹவாய்த் தீவுகளில் 'லூவாவ்' என்று அழைக்கப்படும் விருந்தின் கதை எமக்கு அந்நியமாகத் தோன்றாது. சமபந்தியாகத் தொடங்கிய ஒரு விருந்து, சீட்டு வாங்கியவர்களின் பந்தியாக மாறிய கதை அது.

சூரியன் மறையும் வேளையில்

ஹவாய்க்குச் செல்லும் உல்லாசப் பிரயாணிகளின் நிகழ்ச்சிநிரலில் கடற்கரை லூவாவ் முக்கிய இடம் பெறுகிறது. நுழைவுச்சீட்டின் விலை பெரும்பாலும் நூறு டொலருக்கு மேல். சில இடங்களில் இருநூறையும் தாண்டும். மேடைக்கு அருகில் அமர விரும்புவோர் இன்னும் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். மாலையில் வாசலில் வரிசை நிற்கிறது. வருவோர் ஒவ்வொருவரின் கழுத்திலும் சிப்பி மாலையோ ஓர்க்கிட் பூமாலையோ விழுகிறது. இந்த ஓர்க்கிட் பூக்களில் கணிசமானவை தாய்லாந்திலிருந்து விமானத்தில் வருபவை.

பின்னர் நிலத்தடி அடுப்பைத் திறக்கும் சடங்கு. மண்ணையும் சாக்கையும் விலக்கி, ஆவி பறக்க முழுப் பன்றியை வெளியே தூக்குகிறார்கள். கமராக்கள் மின்னுகின்றன. அடுத்து உணவு. சூரியன் கடலுக்குள் இறங்கும் தறுவாயில் சங்கு ஊதப்படுகிறது, தீப்பந்தங்கள் ஏற்றப்படுகின்றன, நடனம் தொடங்குகிறது. ஹவாயின் ஹூலா நடனத்தை அடுத்து தஹிதித் தீவின் வேகமான பறை நடனம், இறுதியில் சமோவா நாட்டு நெருப்புக் கத்தி நடனம். ஒன்றுக்கொன்று ஆயிரக்கணக்கான மைல் தூரத்திலுள்ள தீவுகள், ஒரு மணித்தியால நிகழ்ச்சியில் ஒன்றாகிவிடுகின்றன. நெருப்புக் கத்தி நடனத்தின் இன்றைய வடிவமோ, 1946 ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஒரு சமோவா நடனக் கலைஞர் கத்தியில் தீ மூட்டியதிலிருந்து வந்தது.

அத்தகைய விருந்தொன்றில் நானும் அமர்ந்திருக்கிறேன். காட்சி அழகானது என்பதில் ஐயமில்லை. ஆடியவர்களின் பயிற்சியையும் குறை கூற முடியாது. எனினும் அங்கே எவருமே எவருடைய விருந்தினரும் அல்லர். நாம் பணம் கட்டியவர்கள். அவர்கள் கூலிக்கு உழைப்பவர்கள். என் மேசைக்குப் பரிமாறிய பெண்மணி, தம் பேரப்பிள்ளையின் முதலாவது பிறந்தநாளுக்குத் தமது வீட்டு முற்றத்திலும் லூவாவ் வைத்ததாகச் சொன்னார். அதற்குச் சீட்டு ஏது என்று சிரித்தார். ஒரே சொல்லால் அழைக்கப்படும் இந்த இரண்டு விருந்துகளுக்கும் இடையிலுள்ள தூரத்தையே நாம் ஆராய வேண்டியிருக்கிறது.

தீட்டை உடைத்த விருந்து

பண்டைய ஹவாயில் 'கப்பு' என்னும் விலக்கு முறை நடைமுறையில் இருந்தது. ஆண்களும் பெண்களும் ஒன்றாக உண்ணலாகாது. இருபாலாரின் உணவும் வெவ்வேறு அடுப்புகளில் சமைக்கப்பட்டது. பன்றி இறைச்சி, தேங்காய், பெரும்பாலான வாழைப்பழ வகைகள் ஆகியன பெண்களுக்கு விலக்கப்பட்டிருந்தன. மீறினால் மரண தண்டனையும் கிடைக்கலாம்.

1819 ஆம் ஆண்டு தீவுகளை ஒன்றிணைத்த மாமன்னர் முதலாம் கமேஹமேஹா காலமானார். அதே ஆண்டின் பிற்பகுதியில் அவருடைய மகன் லிஹோலிஹோ, ஒரு பெருவிருந்தின்போது எழுந்து சென்று பெண்களின் பந்தியில் அமர்ந்து உண்டார். அவரை அதற்குத் தூண்டியவர்கள் இரு பெண்கள்: அவருடைய தாயார் கேஓபூஓலானி, மறைந்த மன்னரின் மற்றொரு மனைவியான கஆஹுமானு. அந்த ஒரு வேளை உணவோடு விலக்கு முறை சரிந்தது. இன்றைய லூவாவின் தொடக்கத்தைப் பலரும் அங்கேதான் காண்கிறார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. முதலாவது புரட்டஸ்தாந்து மறைபரப்புநர்கள் ஹவாயில் கரையேறியது 1820 ஆம் ஆண்டிலேயே. அதாவது, வெளியிலிருந்து எவரும் வந்து போதிக்கு முன்னரே அந்த மக்கள் தாமாகவே இந்தத் தடையை உடைத்துவிட்டார்கள். 'பின்தங்கிய' மக்களுக்கு விடுதலையை நாமே கொண்டு செல்கிறோம் என்று எண்ணும் அபிவிருத்திப் பணியாளர்கள் இதை நினைவில் வைப்பது நன்று. பிற்பாடு நடந்ததையும் கிறிஸ்தவர்களாகிய நாம் மறைக்க வேண்டியதில்லை. மறைபரப்புநர்களின் செல்வாக்கின் கீழ் அதே கஆஹுமானு 1830 ஆம் ஆண்டில் பொது இடங்களில் ஹூலா ஆடுவதைத் தடை செய்தார். அந்தக் கலைக்கு அரச மேடையில் மீண்டும் மதிப்பளித்தவர் மன்னர் கலாகௌவா. 1883 ஆம் ஆண்டு முடிசூட்டு விழாவிலும் 1886 ஆம் ஆண்டு தமது ஐம்பதாவது பிறந்தநாள் விழாவிலும் ஹூலாவை ஆடவைத்தார்.

சேம்பு என்னும் மூத்த சகோதரன்

லூவாவ் என்ற சொல்லின் மூலப் பொருள் விருந்து அல்ல. சேம்பின் இளந்தளிர் இலை. அந்த இலையைத் தேங்காய்ப் பாலில், கோழியோடு அல்லது கணவாய் இனத்தோடு சேர்த்துச் சமைக்கும் கறிக்கும் அதுவே பெயர். கறியின் பெயர் காலப்போக்கில் விருந்தின் பெயராயிற்று. எமது வீட்டுக் கிணற்றடியில் வளரும் அதே சேம்பு இனந்தான் அங்கே மக்களின் முதன்மை உணவு. கிழங்கை அவித்து, இடித்து, நீர் சேர்த்துப் பிசைந்த களி 'பொயி' எனப்படும்.

ஹவாய் மக்களின் மரபுக் கதையில் சேம்பு வெறும் பயிரன்று. வாகேயா என்னும் ஆதித் தந்தைக்கு இறந்து பிறந்த முதற் குழந்தையைப் புதைத்த இடத்தில் சேம்பு முளைத்தது. அடுத்துப் பிறந்த ஹாலோவா என்னும் குழந்தையே மனிதரின் மூதாதை. ஆகச் சேம்பு மூத்த சகோதரன், மனிதன் இளையவன். இளையவன் மூத்தவனைப் பராமரிக்க, மூத்தவன் இளையவனுக்கு உணவளிப்பான். தாய்க் கிழங்கிலிருந்து கிளைக்கும் குட்டிக்கு 'ஓஹா' என்று பெயர்; குடும்பத்தைக் குறிக்கும் 'ஒஹானா' என்னும் சொல் அதிலிருந்து வந்தது. வாழையடி வாழை என்று நாம் சொல்வதை அவர்கள் சேம்பில் கண்டார்கள்.

வீட்டு லூவாவில் இந்த உறவு இன்னும் உயிரோடு இருக்கிறது. குழந்தையின் முதலாண்டு நிறைவுக்கு இன்றும் ஊரே கூடுகிறது. அதற்கும் காரணம் உண்டு. 1848–49 ஆம் ஆண்டுகளில் சின்னமுத்தும் குக்கல் இருமலும் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோன நாடு அது. ஒரு குழந்தை ஓராண்டைத் தாண்டுவது பெரும் மகிழ்ச்சிக்குரிய செய்தியாக இருந்தது. விருந்துக்குச் சில நாட்களுக்கு முன்பே அயலவர்கள் வந்துவிடுவார்கள். ஆண்கள் குழி தோண்டி, விறகடுக்கி, கல்லைச் சூடாக்கி, பிளந்த வாழைத் தண்டும் இலைகளும் பரப்பிப் பன்றியை மூடுவார்கள். ஒருவர் மீன் கொண்டுவருவார். இன்னொருவர் கிழங்கு கொண்டுவருவார். அடுத்த மாதம் அவர்களுடைய வீட்டு விருந்துக்கு இவர்கள் போய் உழைப்பார்கள். சமைத்தவரும் உண்பார், உண்டவரும் பாத்திரம் கழுவுவார்.

ஆலய நிதியிலிருந்து வியாபாரம் வரை

இந்த விருந்து சந்தைக்கு வந்தது ஒரே நாளில் அல்ல. 1893 ஆம் ஆண்டு அமெரிக்க வர்த்தகர்களும் தோட்ட முதலாளிகளும் அமெரிக்கக் கடற்படையினரின் பக்கபலத்தோடு லிலிஉஓகலானி அரசியைப் பதவி நீக்கினார்கள். 1898 இல் தீவுகள் அமெரிக்காவோடு இணைக்கப்பட்டன. 1896 ஆம் ஆண்டுச் சட்டம் ஹவாய் மொழியைப் பாடசாலைப் போதனா மொழி என்ற நிலையிலிருந்து அகற்றியது. மொழி பாடசாலையிலிருந்து வெளியேற்றப்பட்டது. நடனமோ பிரயாணிகளுக்காக மேடையேற்றப்பட்டது. 1937 முதல் 2002 வரை வைக்கீக்கியில் நடந்த 'கொடாக் ஹூலா காட்சி' பகல் வெளிச்சத்தில் நடத்தப்பட்டது. பிரயாணிகளின் படச்சுருளுக்கு வெளிச்சம் வேண்டியிருந்தது என்பதே காரணம்.

எம் போன்றோருக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் லாஇயே கிராமம். அங்கு 1940 இல் எரிந்துபோன தமது ஆலயத்தை மீளக் கட்டுவதற்காக மொர்மன் சபையினர் 1948 ஆம் ஆண்டு ஒரு விழா எடுத்தார்கள். ஊரவர்களும் பிரயாணிகளும் சேர்ந்து கரைவலை இழுப்பது, பின்னர் விருந்தும் ஆடலும். பணம் சேர்ந்தது, கூட்டமும் பெருகியது. 1963 இல் அதே கிராமத்தில் 'பொலினேசியக் கலாசார நிலையம்' திறக்கப்பட்டது. இன்று அது தீவின் பெரும் சுற்றுலாத் தலங்களில் ஒன்று. அங்கு உழைக்கும் மாணவர் பலர் அதனால் பல்கலைக்கழகக் கல்வி பெறுகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். நல்ல நோக்கத்தோடு தொடங்கப்பட்ட நிதி சேகரிப்பும் காலப்போக்கில் தனக்கென ஒரு போக்கைத் தேடிக்கொள்ளும் என்பது எந்தப் பங்கு மக்களுக்கும் உரிய பாடம்.

தட்டில் பொயி, ஓடையில் நீர் எங்கே?

விருந்து மேசையில் பொயியைச் சுவைத்த பிரயாணிகள் பலர் முகம் சுளிக்கிறார்கள். நகைச்சுவைக்கு அது ஒரு பொருளாகிவிட்டது. அந்தக் களி கரண்டிக்கு வந்த பாதையை அறிந்தால் சிரிப்பு வராது.

1848 இல் தொடங்கிய நிலப் பங்கீட்டின் முடிவில் சாதாரண குடிமக்களின் கைக்கு வந்தது மொத்த நிலத்தில் ஒரு வீதத்திற்கும் குறைவானதே. சேம்பு வயலுக்கு ஓடும் நீர் வேண்டும். ஓடையிலிருந்து வயலுக்குள் வந்து, வயலைக் குளிர்வித்து, மீண்டும் ஓடைக்கே அது திரும்பும். ஹவாய் மொழியில் நீருக்கு 'வை' என்று பெயர். செல்வத்திற்குப் பெயர் 'வைவை'. மாவுயித் தீவின் கிழக்குப் பகுதியில் 1870களில் கரும்புத் தோட்டங்களுக்காகக் கால்வாய்கள் வெட்டப்பட்டன. நீர் மலைக்கு அப்பால் போயிற்று. கீழே சேம்பு வயல்கள் காய்ந்தன. விவசாயிகள் பல்லாண்டு வழக்காடினார்கள். 2016 இல் தீவின் கடைசிச் சீனி ஆலை மூடப்பட்டது. 2018 இல்தான் மாநில நீர் ஆணைக்குழு, சேம்பு விளையும் பல ஓடைகளுக்கு நீரை முழுமையாகத் திரும்ப விடுமாறு தீர்மானித்தது. இன்று ஹவாய் உண்ணும் உணவில் 85 முதல் 90 வீதம் வரை வெளியிலிருந்து வருவதாக மதிப்பிடப்படுகிறது.

வேலை கிடைக்கிறதே என்பார்கள்

லூவாவ் காட்சிகளை ஆதரிப்போரின் நியாயத்தையும் கேட்க வேண்டும். ஆடுவோர், சமைப்போர், பரிமாறுவோர் எல்லோருக்கும் அதுவே வருமானம். இளைஞர் பலர் மேடைக்காக ஹூலா பயின்று, பின்னர் அதன் ஆழத்தைத் தேடிச் சென்றிருக்கிறார்கள். 1986 முதல் லஹைனாவில் நடந்துவரும் ஒரு லூவாவ், ஹவாயின் சொந்த வரலாற்றையும் நடனத்தையும் மையமாக வைத்தே மேடையை அமைக்கிறது. அந்நகரில் 2023 ஆகஸ்டில் நூறு உயிர்களுக்கு மேல் பலிகொண்ட தீயின் பின்னரும் அது மீண்டும் தொடங்கப்பட்டது. நேர்மையாகவும் இந்தத் தொழிலைச் செய்யலாம் என்பதற்கு அது ஒரு சான்று.

ஆனால் வேலை கிடைக்கிறது என்பதோடு கேள்வி முடிந்துவிடுமா? 2019 ஆம் ஆண்டு, ஏறத்தாழ 14 இலட்சம் பேர் வாழும் தீவுகளுக்கு ஒரு கோடிக்கு மேற்பட்ட பிரயாணிகள் வந்தார்கள். அதற்கு முந்திய ஆண்டு வைக்கீக்கி ஹோட்டல் தொழிலாளர்கள் 51 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வாழ்வதற்கு ஒரு வேலையே போதுமானதாக இருக்க வேண்டும் என்பதே அவர்களின் முழக்கம். 2020 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, ஹவாய்ச் சுதேச மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் தீவுகளுக்கு வெளியே அமெரிக்கப் பெருநிலத்தில் வாழ்கிறார்கள். வீட்டு விலையும் வாழ்க்கைச் செலவும் பலரைத் துரத்திவிட்டன. வரவேற்பதற்குப் பெயர் பெற்ற மக்கள் தம் சொந்த வீட்டில் குடியிருக்க முடியாமற் போவது எந்த வகை அபிவிருத்தி?

மூன்று கேள்விகள்

நான் லூவாவுக்குப் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. விருந்தினரை வரவேற்பது எந்த மக்களுக்கும் உரிய பெருமை. கலையைக் காசாக்குவது என்றாலே பாவம் என்றும் நான் கருதவில்லை. கலைஞனும் சாப்பிட வேண்டும். ஆனால் பண்பாட்டைக் காட்டி நடத்தப்படும் எந்த வியாபாரத்திடமும் மூன்று கேள்விகளைக் கேட்க எமக்கு உரிமை உண்டு.

முதலாவது, தட்டிலுள்ள உணவு யாருடைய வயலில் விளைந்தது? சீட்டுப் பணத்தில் ஒரு பங்கு உள்ளூர்ச் சேம்பு விவசாயியைச் சேர்ந்தால் வயலும் பிழைக்கும், ஓடைக்காக வழக்காடும் வலுவும் அவருக்கு வரும். இரண்டாவது, மேடையில் எந்தக் கதையைச் சொல்வது என்று தீர்மானிப்பவர் யார்? ஆடுபவரா, முதலீட்டாளரா? தஹிதியையும் சமோவாவையும் ஒன்றாகக் கலந்து 'ஹவாய்' என்று விற்பது அந்த மூன்று மக்களையுமே அவமதிப்பதாகும். மூன்றாவது, பரிமாறுபவர் அந்தச் சம்பளத்தில் அந்தத் தீவிலேயே தம் பிள்ளைகளை வளர்க்க முடியுமா?

இவற்றுக்கு நேரான பதில் சொல்லக்கூடிய லூவாவ், சீட்டு விற்றாலும் விருந்துதான். பதில் சொல்ல முடியாதது, 1819 இல் உடைக்கப்பட்ட இரண்டு பந்திகளை மீண்டும் போட்டு வைத்திருக்கிறது. அன்று ஆணையும் பெண்ணையும் பிரித்தது தெய்வக் கட்டளை என்றார்கள். இன்று உண்பவரையும் உழைப்பவரையும் பிரிப்பது சந்தை நியதி என்கிறார்கள். அன்றைய பந்தியை உடைக்க ஒரு மன்னன் தன் ஆசனத்தை விட்டு எழுந்து செல்ல வேண்டியிருந்தது. இன்று எழுந்திருக்க வேண்டியவர்கள் முதலாளிகளும், சீட்டு வாங்கி அமர்ந்திருக்கும் நாமும்.