தெளிந்த நீர் வேறு, நல்ல நீர் வேறு

பெங்களூரு, தில்லி போன்ற கடலற்ற நகரங்களிலும் வீடுகளில் கடல்நீர் மீன்தொட்டி வைப்போர் உள்ளனர். மீன்கள் சாகத் தொடங்கியதும் பலர் நீர் முழுவதையும் கொட்டிவிட்டு, வடிகட்டியைக் குழாய்நீரில் அலசுகின்றனர். நோயினும் கொடிய மருத்துவம் இது. மீன்கழிவிலிருந்து எழும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் அந்த வடிகட்டியில்தான் வாழ்கின்றன. குழாய்நீரின் குளோரின் அவற்றை அழித்துவிடும். மீண்டும் பெருக வாரக்கணக்காகும். கடல்நீரின் பிஎச் அளவு ஏறத்தாழ 8.2 என்பதால், அதில் அம்மோனியாவின் நச்சு நடுநிலை நன்னீரில் உள்ளதைவிடப் பன்மடங்கு கடுமையானது. பளிங்குபோல் தெளிந்த நீரிலும் அது இருக்கக்கூடும், சோதித்தாலன்றித் தெரியாது.

உப்பின் கணக்கும் இவ்வாறே பிழைக்கிறது. ஆவியாவது நீர் மட்டுமே. குறைந்ததை உப்புநீரால் நிரப்பினால் செறிவு ஏறிக்கொண்டே போகும், உப்பற்ற ஆர்.ஓ. நீரே தேவை.

குற்றம் வளர்ப்போரிடம் மட்டுமில்லை. சந்தைக்கு வரும் கடல் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை இன்றும் பவளப்பாறைப் பகுதிகளில் பிடிக்கப்படுபவை. மீனின்றித் தொட்டியைப் பக்குவப்படுத்த நான்கு முதல் ஆறு வாரங்கள் தேவை என்றறிந்தும், தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் விற்கும் வணிகமே முதலில் நிறுத்தப்பட வேண்டும்.