சுட்டெண் ஏறினால் ஏறினது யார்?

இரவுச் செய்தியில ஒரு வரி வரும்: அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் இன்று இத்தனை புள்ளிகளால் அதிகரித்தது. உடனே வீட்டில ஒருத்தர் சொல்லுவார், "பரவாயில்லை, நாடு நிமிருது போல." அந்த 'போல'வோடதான் எனக்குச் சண்டை.

முதல்ல, அந்த எண் எப்படி வருது? கொழும்புப் பங்குச் சந்தையில் இருக்கும் ஒவ்வொரு கம்பனியின் பங்கு விலையையும் அதன் பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டுகிறார்கள். 1985ஆம் ஆண்டின் பெறுமதியை 100 என்று வைத்து, இன்றைய கூட்டுத்தொகையை அதோடு ஒப்பிடுகிறார்கள். புதுக் கம்பனி சேர்ந்தால் அந்த அடிப்படைப் பெறுமதியையும் திருத்துவார்கள். கணக்கில பிழை இல்லை. ஆனால் இங்கே ஆளுக்கொரு வாக்கு இல்லை. பெரிய கம்பனிக்குப் பெரிய வாக்கு.

மூன்றே கம்பனி உள்ள ஒரு சந்தையை யோசியுங்கோ. ஒன்றின் பெறுமதி 800 கோடி, மற்ற இரண்டும் தலா 100 கோடி. பெரியது 10 வீதம் ஏறுது, சின்னது இரண்டும் 20 வீதம் விழுது. மொத்தம் 1,000 கோடியிலிருந்து 1,040 கோடி ஆகும். மூன்றில் இரண்டு விழுந்த நாளிலயும் செய்தி சொல்லும்: சந்தை 4 வீதம் ஏறியது.

இது வெறும் கற்பனை இல்லை. 2021இல் சுட்டெண்ணைத் தூக்கியதில் பெரிய பங்கு எக்ஸ்போலங்காவுக்கும் எல்ஓஎல்சி குழுமத்துக்கும். கொரோனாவால் உலகம் முழுக்கச் சரக்குக் கட்டணம் எகிற, சரக்கு அனுப்பும் எக்ஸ்போலங்காவின் விலையும் எகிறியது. 2022 ஜனவரியில் சுட்டெண் 13,000ஐத் தாண்டியது. அந்த நாட்களில் சனம் காஸ் சிலிண்டருக்கு வரிசையில நின்றது. ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது.

2012இல் வந்த எஸ் அண்ட் பி எஸ்எல்20 சுட்டெண் கொஞ்சம் கவனமானது. பெரிய உரிமையாளர்கள் விற்காமல் பிடித்து வைத்திருக்கும் பங்குகளை விட்டுவிட்டு, பொதுமக்கள் வாங்கி விற்கக்கூடியதை மட்டும் எண்ணுது. ஆனால் அதுவும் 20 கம்பனிகளின் கதைதான்.

சுட்டெண் பொய் சொல்லுறதில்லை. பங்குகளின் ரூபாய்ப் பெறுமதி என்ன எண்டு கேட்டால் சரியாச் சொல்லும். உங்கட அம்மாவின் சந்தைச் செலவைப் பற்றி அதுக்கு ஒண்டும் தெரியாது. அடுத்தமுறை அந்த வரி வந்தால், எத்தனை கம்பனி ஏறினது, எத்தனை விழுந்தது எண்டும் தேடிப் பாருங்கோ. அந்தக் கணக்கும் ஒவ்வொரு நாளும் வெளிவருது. செய்தியிலதான் வாறதில்லை.